ஹர்கெய்சாவிலிருந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் அளவில்லாத மகிழ்ச்சி. சோமாலியாவில் பயமாக இல்லையா என்று கேட்டிருந்தாய். நீ செய்தியில் பார்க்கும் குண்டுவெடிப்புகள் சோமாலியாவின் தலைநகர் மொகதிசுவில் நடப்பவை. நான் இருக்கும் ஹர்கெய்சா, 1991 மே மாதம் பிரிந்து தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் தலைநகர். இரவில்கூடக் கடைவீதிக்குப் போய்வருகிறேன்.

அந்தக் கடைவீதியை நீ பார்க்க வேண்டும். பணம் மாற்றுகிறவர்கள் ஷில்லிங் நோட்டுக் கட்டுகளைச் செங்கல்போல் தரையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொழுகை நேரம் வந்தால் மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு மசூதிக்குப் போகிறார்கள். ஆனால் டீக்கடையில் யாரும் நோட்டை எண்ணுவதில்லை. 2009-இல் வந்த ஸாட் சேவையில், போனிலேயே காசு போய்விடுகிறது.

பிழைப்பு பெரும்பாலும் ஆடு, மாடு, ஒட்டகத்தை நம்பித்தான். ஹஜ் காலத்தில் பெர்பெரா துறைமுகத்திலிருந்து அவை சவூதிக்குக் கப்பலேறுகின்றன. கால்நடை நோயைக் காரணம் காட்டி 2000-இல் சவூதி விதித்த தடை 2009 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த நாடும் அங்கீகரிக்காததால், உலக வங்கியிடம் தன் பெயரில் கடன் கேட்கக்கூட இந்த அரசுக்கு வழியில்லாமல் போனது. 2023 டிசம்பரில் பெருங்கடன் தள்ளுபடியானதும் மொகதிசு அரசுக்குத்தான்.

பிரிந்து போனதில் இவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1988-இல் அப்போதைய சோமாலிய அதிபர் சியாட் பாரேயின் போர் விமானங்கள் இந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி இந்த ஊர்மீதே குண்டு போட்டன. அவற்றில் ஒரு மிக் விமானத்தை நகர் நடுவில் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2024 நவம்பர் தேர்தலில் தோற்ற அதிபர் மூசா பிஹி, எதிர்க்கட்சியின் இர்ரோவிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தார். அக்கம்பக்கத்தில் எத்தனை நாடுகளில் இது நடக்கும், சொல்!

என் மனம் ஒப்பாதது லாஸ் அனோட் விஷயம். கிழக்கே உள்ள அந்த ஊர் மக்கள், ஹர்கெய்சாவின் ஆட்சி வேண்டாம், சோமாலியாவோடு இருக்கிறோம் என்றார்கள். 2023-இல் இந்த அரசின் படை அந்த ஊர்மீது மாதக்கணக்கில் பீரங்கிக் குண்டுகளை வீசியது, மருத்துவமனையும் தப்பவில்லை. ஆகஸ்டில் படை தோற்றுப் பின்வாங்கியது. குண்டுவீச்சில் வீடிழந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும் ஊர், இன்னோர் ஊருக்கு அதையே செய்யலாமா? இங்குள்ள நண்பர்களிடம் கேட்டேன். பெரியவர் ஒருவர் மட்டும், "எல்லையை விட்டால் நாடே போய்விடும்" என்றார். மற்றவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகள் எந்த ஊரில் வேலைக்குச் சேர்கிறாள் என்றும் எழுது.

அன்புடன்,
சேகர்