கடலை அளந்துகொண்டே இருப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

உலகமெங்கும் இருக்கும் கடல் ஆய்வு நிலையங்களுக்கும், கடலைக் காக்கப் பாடுபடும் அமைப்புகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் கடலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவன். ஆராய்ச்சியாளன் கிடையாது, ஆய்வுக் கப்பலில் கால் வைத்ததும் கிடையாது. என் கட்டுரைகளில் உருப்படியான எண் ஏதாவது இருந்தால், அது உங்களில் யாரோ அளந்து, சரிபார்த்து, காசு கேட்காமல் பொதுவில் வைத்ததுதான். கட்டுரைக்கு அடியில் சின்ன எழுத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது போதவில்லை என்று ரொம்ப நாளாக ஒரு உறுத்தல், அதனால் இந்த மடல்.

முதல் நன்றி இங்கிலாந்தின் பிளிமத்தில் இருக்கும் கடல் உயிரியல் சங்கத்துக்கு, அதிலும் அவர்கள் நடத்தும் பிளாங்டன் (நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்கள்) கணக்கெடுப்புக்கு. கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1920களில் வடிவமைத்த ஒரு உலோகக் கருவி. அதைச் சரக்குக் கப்பல்கள் தங்கள் வழக்கமான பாதையில் போகும்போதே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. கருவிக்குள் ஒரு நீண்ட பட்டுச் சல்லடைத் துணி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே புகும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் சிக்கிக்கொள்ளும், துணி அப்படியே சுருண்டு, உயிர்கள் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் போய்விடும். பிறகு ஆய்வகத்தில் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து உட்கார்ந்து எண்ணுவார். 1931இல் இப்படித் தொடங்கிய வேலை, உலகப் போரின்போது சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, இன்னும் நடக்கிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்ப நீரில் வாழும் கோப்பிபாடுகள் (இறால் இனத்துக்கு உறவான மிகச் சிறிய உயிர்கள்) நாற்பது ஆண்டுகளில் சுமார் 1000 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டன என்பது 2002இல் வெளியானது இந்தக் கணக்கை வைத்துத்தான். நாற்பது ஆண்டு எண்ணியவர்கள் இல்லாவிட்டால் இதைச் சொல்ல வேறு வழியே இல்லை.

ஆனால் எனக்கு இதில் மிகப் பிடித்த சங்கதி வேறு. கருவியில் ஏதாவது சிக்கிப் பழுதானால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். 1957இல் மீன்பிடிக் கயிறு ஒன்று சிக்கியது, எழுதினார்கள். 1965இல் அயர்லாந்துக்கு வடமேற்கே ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியது, அதையும் எழுதினார்கள். அன்றைக்கு அது வெறும் தொல்லை. பல பத்தாண்டுகள் கழித்து அதே குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெருங்கடலில் பெரிய பிளாஸ்டிக் குப்பை எப்படிப் பெருகியது என்பதற்கான மிகப் பழைய சாட்சிகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அலமாரியில் கிடந்த பழைய பட்டுத் துணிகளைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, 1960களிலேயே நுண்பிளாஸ்டிக் கடலில் இருந்தது என்று 2004இல் காட்டினார்கள். அந்தத் துணிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஆளுக்கு யாரும் விருது கொடுத்திருக்க மாட்டார்கள். என் நன்றி அவருக்கு.

அடுத்து ஆர்கோ. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கடலில் விட்டிருக்கும் ஏறக்குறைய 4000 தானியங்கி மிதவைகள். ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும், பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளினால் பருமன் கூடி மேலே வரும், திரும்ப இழுத்துக்கொண்டால் கீழே போகும், அவ்வளவுதான் சூட்சுமம். இதற்கு முன்னால் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் குளிர்காலத்தைப் பற்றிக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அளவீடுகள் இருந்தன, அந்தப் பருவத்தில் அங்கே எந்தக் கப்பல் போகும்? புவி வெப்பமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது என்று நாம் இன்று தயங்காமல் எழுதுகிறோமே, அந்தத் துணிச்சலில் பெரும்பங்கு இந்த மிதவைகள் கொடுத்தது. தரவு பெரும்பாலும் ஒரே நாளுக்குள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. இதைத் திட்டமிட்டபோதே அப்படி முடிவெடுத்த அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடல் உயிர்களின் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கும் வகைப்பாட்டியலாளர்களை விட்டுவிட்டால் பாவம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் கடல் ஆய்வு நிறுவனம் இடம் கொடுக்க, உலகம் முழுக்க இருக்கும் நிபுணர்கள் ஆளுக்கொரு உயிர்க்கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கணக்கில், லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் என்ற ஒரு சின்ன நத்தைக்கு வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வைத்த பெயர்கள் மட்டும் நூற்றுக்கு மேல். இந்தக் குழப்பத்தைப் பொறுமையாகத் தீர்த்து வைக்கிறவர்கள் இருப்பதால்தான் என்னைப் போன்றவன் ஒரே உயிரை இரண்டு உயிராக எழுதாமல் தப்பிக்கிறான்.

சரி, பாதுகாப்பு அமைப்புகளுக்கு வருகிறேன். உங்கள் நன்கொடை மின்னஞ்சல்கள் கொஞ்சம் அதிகம்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் அறிவியல் வேறு, பாதுகாப்பு வேறு என்று உங்களைப் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நீங்களும் எண்ணுகிறவர்கள்தான். அமெரிக்காவின் ஓஷன் கன்சர்வன்சி அமைப்பு 1986இல் டெக்சாஸில் தொடங்கிய கடற்கரைத் துப்புரவில், பொறுக்கிய குப்பையை வகைவகையாக எண்ணி அட்டையில் குறிக்கச் சொன்னது பாருங்கள், அது அபாரமான யோசனை. ஒரு நாள் பொறுக்குவதால் கடல் சுத்தமாகிவிடாது. சிகரெட் துண்டு எத்தனை, உணவுப் பொட்டல உறை எத்தனை என்ற கணக்கு கையில் இருந்தால் சட்டம் போடுகிறவரிடம் போய் நிற்கலாம்.

திமிங்கிலங்களுக்காக நின்றவர்களுக்கும் நன்றி. சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை போட 1982இல் முடிவெடுத்தது, அதற்குப் பின்னால் எத்தனையோ அமைப்புகளின் நச்சரிப்பு இருந்தது. மேற்குத் தென் அட்லாண்டிக்கில் 1950களில் சில நூறாகச் சுருங்கியிருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இன்று சுமார் 25,000. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல் பகுதிகளுக்கான ஒப்பந்தமும் அப்படித்தான்: ஏறக்குறைய இருபது ஆண்டு பேச்சு, 2023இல் ஒப்புதல், 2026 ஜனவரியில் நடைமுறை. அத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மல்லுக்கட்டிய சின்ன அமைப்புகளின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், நன்றி மடலில் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய தரவுப் பக்கங்களின் முகவரியை மாற்றாதீர்கள். நான்கு ஆண்டுக்கு முன் எழுதியதில் பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கின்றன, வாசகர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் எண்களை வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவன்