முதல் பக்கத்தில் ஒரு வால்நட் கிட்டார்: பெரிய நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய கிட்டார் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

சிறிய பட்டறை ஒன்றில் கிட்டார் செய்தும், நீங்கள் செய்து விற்றவற்றைப் பழுதுபார்த்தும் பிழைக்கிறவன் நான். வெப்பமண்டலக் காடுகளில் அருகிவரும் ரோஸ்வுட், கருங்காலி, மகோகனி மரங்களைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியல், அனுமதித் தாள், துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் பெட்டி எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் என் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓர் இளைஞர் வந்தார். மேடையில் வாசிக்கிறவர், நல்ல காது. விற்பனைக்கு வைத்திருந்த இரண்டு கிட்டார்களை எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அச்சு, ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த ஸ்ப்ரூஸ் மேல்பலகை, ஒரே கம்பி. முதுகும் பக்கங்களும் மட்டும் ஒன்றில் ரோஸ்வுட், மற்றதில் வால்நட். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறேன் என்று அவரேதான் சொன்னார். மூன்று தடவை மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தேன். மூன்று தடவையும் ஒன்றையே தேர்ந்தெடுத்தார்.

“அண்ணே, ரோஸ்வுட்டுன்னா ரோஸ்வுட்டுதான். அந்த ஆறாவது கம்பியோட கார்வையைக் கேளுங்க!”

கண்ணைத் திறந்தார். மடியில் இருந்தது வால்நட்.

முதலில் சிரித்துவிட்டார். திருப்பிப் பிடித்து முதுகைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அதை மெதுவாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, போனை எடுத்து உங்களில் ஒருவருடைய விலைப்பட்டியலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க செஞ்சதுல குறையே இல்லண்ணே. ஆனா இவங்களே வால்நட்டைக் கடைசி வரிசையிலதானே வெச்சிருக்காங்க? நாளைக்கு நான் இதை விக்கப் போனா யாரு வாங்குவா?”

எனக்கு வாய் வரவில்லை. அவர் ரோஸ்வுட் கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. காது தேர்ந்தெடுத்ததை உங்கள் பட்டியல் மாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அடுத்த பட்டியலில், இருப்பதிலேயே விலை உயர்ந்த கிட்டாரை வெப்பமண்டலக் காட்டு மரம் இல்லாமல் செய்து முதல் பக்கத்தில் வையுங்கள். வால்நட்டோ, மேப்பிளோ, செர்ரியோ, எதுவானாலும் சரி. உங்கள் கைதேர்ந்த ஆட்கள் செய்ய வேண்டும், சிப்பி பதித்த உங்கள் நல்ல அலங்கார வேலை அதில் இருக்க வேண்டும், உங்கள் நல்ல பெட்டியில் வர வேண்டும்.

மூன்று தடவை கைமாற்றிக் கொடுத்ததை நான் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் முதுகு, பக்க மரம் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்தார்கள். மங்கலான அறை, கண்ணில் வெல்டிங் கண்ணாடி. 2018இல் முடிவு வெளியானது. பிரேசில் ரோஸ்வுட், வால்நட், மேப்பிள் என்று எதைக் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழுந்தது. அதற்கு வெகு முன்னால், 1862இல், ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் அந்தோனியோ தெ டோரஸ் முதுகையும் பக்கங்களையும் வெறும் அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டிக் காட்டினார். அட்டையில்! ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேல்பலகை. அதற்கு நாம் போடும் ஸ்ப்ரூசும் சீடரும் குளிர்நாட்டு மரங்கள்தாம்.

கம்பியை விரலால் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு வேறு கதை, ஒப்புக்கொள்கிறேன். வால்நட் அங்கே அவ்வளவாகத் தாங்காது, நாளடைவில் கம்பி குழி பறித்துவிடும். ஆனால் மேப்பிள் 1950களிலிருந்தே எலெக்ட்ரிக் கிட்டார்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்யும் ரிச்லைட்டை முதலில் நான் வெறுத்தேன். ரம்பம் போடும்போது வரும் வாடை இன்றும் பிடிக்காது. ஆனால் வறண்ட காலத்தில் கருங்காலி சுருங்கி, அதில் பதித்த உலோகக் கீற்றான ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறுகிறது என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர். ரிச்லைட் போட்ட கிட்டாரோடு அந்தக் குறைக்காக ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

உங்களாலும் முடியாமல் இல்லை. 2017 ஜனவரியில், ஏற்கனவே கடுமையான முதல் பின்னிணைப்பில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் தவிர, ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டீஸின் இரண்டாம் பின்னிணைப்புக்குள், அதாவது அனுமதியோடு மட்டும் வணிகம் செய்யும் பட்டியலுக்குள், வந்தது. அப்போது பல மாடல்களில் ரோஸ்வுட்டை ஒரே மூச்சில் எடுத்தீர்களே? சிலர் அதற்குப் பதிலாகப் பாவ் ஃபெர்ரோ என்று இன்னொரு வெப்பமண்டல மரத்தைத் தேடிப் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்ததும் பழையபடி ரோஸ்வுட்டுக்கு ஓடியவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். தாள் வேலை குறைந்ததே தவிர, காட்டில் மரம் கூடிவிடவில்லை.

பெரும்பங்கு மரச்சாமான்களுக்குத்தான் போகிறது, எங்களை ஏன் கேட்கிறாய் என்பீர்கள். போகிறதுதான். ஆனால் நாற்காலிக்கு ரசிகர்கள் கிடையாது. பதினாறு வயதுப் பிள்ளை ஒரு மரத்தின் பெயரை மனப்பாடம் செய்து, அதற்காக வருடக்கணக்கில் காசு சேர்ப்பது கிட்டாருக்காகத்தான். அந்தப் பெயரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘பசுமை வரிசை’ என்று பெயர். பூச்சு மட்டமானது, சிப்பி பதிக்கும் வேலை கிடையாது, பெட்டிக்குப் பதில் துணிப்பை, அதன் கழுத்தில் இலைப் படம் போட்ட அட்டை. இயற்கையைக் காப்பாற்றுகிறவன் கிழிந்த சட்டைதான் போட வேண்டும் என்று யார் விதித்தது? மேல் வரிசைக்கு வந்தால் மட்டும் உங்கள் பேனாவில் தேன் வழிகிறது: நூற்றாண்டு கண்ட மரம், வைரம் பாய்ந்த நாதம். நடுவில் சிலவற்றில் ‘தேர்ந்தெடுத்த கடின மரம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த மரம் ஐயா? சைட்டீஸ் அனுமதி கேட்கும்போது லத்தீன் பெயர் எழுதத் தெரிகிறதே, வாங்குகிறவனிடம் சொல்ல மட்டும் நா எழவில்லையா?

கோபம் முந்திக்கொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நல்லது செய்தவர்களும் உண்டு. முழுக் கறுப்பாக இல்லை என்பதற்காகக் கேமரூன் காட்டில் வெட்டிய கருங்காலிகளில் பெரும்பாலானவை அப்படியே விடப்பட்டதை டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர் வெளிப்படையாகச் சொன்னார். வரியோடிய கட்டையைத் தம் விலை உயர்ந்த கிட்டார்களிலும் போட்டார். இன்று என் பட்டறைக்கு வருகிற யாரும் வரியோடிய ஃபிங்கர்போர்டைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. உயர்ந்த கிட்டாரில் வந்ததால்தான் அது உயர்ந்ததாயிற்று.

எங்களைப் போன்றவர்கள் வருடத்துக்கு ஏழெட்டுக் கிட்டார் செய்கிறோம். நாங்கள் என்ன சொன்னாலும் ரோஸ்வுட் வாங்க வழியில்லாதவன் பேச்சு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். வெப்பமண்டல மரம் இல்லாத ஒரு கிட்டார், பட்டியலின் உச்சியில், மரத்தின் முழுப்பெயரோடு. தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

அந்த வால்நட் கிட்டார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இளைஞரின் எண்ணும் இருக்கிறது. உங்கள் அடுத்த பட்டியல் வந்ததும் அவருக்கு அனுப்பி, முதல் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் பட்டறைக்காரன்