முழுவட்டம் ஏன் 360?

புதுச்சேரி

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

பிரான்ஸில், லியோனில் நீ கையாளும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி முழுவட்டத்தை 400 என்று காட்டுவதாகவும், இதில் என்ன லாபம் என்றும் கேட்டிருந்தாய். அது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ஏற்பாடு. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவை ஒரு கோடி மீட்டர் என்று வகுத்து, செங்கோணத்தை 100 கிரேடாக்கியதால், தரையில் ஒரு கிரேடு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகிறது. நில அளவையாளருக்கு அது வசதிதான்.

அதே வேகத்தில் 1793-இல், நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம், நிமிடத்துக்கு நூறு விநாடி என்றும் சட்டம் போட்டார்கள். (அந்த ஆகஸ்டிலேயே நம் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் நாம் தப்பித்தோம்.) ஊருக்கு ஒரு படியும் முழமும் இருந்ததால் மீட்டருக்குத் தேவை இருந்தது; மணிக்கணக்கில் அந்தக் குழப்பமே இல்லாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை யார் தூக்கி எறிவார்கள்? 1795 ஏப்ரலில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

நாளை 24 ஆக்கியது, பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என்று பிரித்த எகிப்தியர் வழக்கம். அறுபது அறுபதாகப் பிரிப்பது பாபிலோனியருடையது, கிரேக்க வானியலாளர் வழியாக உலகெங்கும் பரவியது. சூரியன் விண்மீன்களிடையே நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால்தான் 360 வந்தது என்பார்கள். எனக்கென்னவோ வகுபடும் வசதியே பெரிதாகப் படுகிறது. அறுபதை 2, 3, 4, 5, 6 எல்லாம் மீதியின்றி வகுக்கும். நூறை மூன்றால் வகுத்துப் பார். சமபக்க முக்கோணத்தின் கோணம் பாகையில் 60, உன் கருவியிலோ 66.666 என்று முடிவில்லாமல் நீளும்.

இதில் நம் பஞ்சாங்கக் கணக்கு இன்னும் நேர்த்தியானது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி என்பதால், ஒரு நாழிகையில் வானம் 6 பாகை திரும்பும், ஒரு விநாடியில் 6 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). (அந்த விநாடி இன்றைய 24 விநாடிக்குச் சமம்.) புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை, ஆங்கிலேயப் படையிலிருந்த ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார்.

மணிக்கணக்கில் பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். இந்திய நேரம் 82 பாகை 30 கலைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே சுமார் 2 பாகை 40 கலை தள்ளியிருப்பதால் பத்து நிமிடத்துக்குமேல் பின்தங்குகிறோம். சித்திரையில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும் நாளில், மொட்டை மாடியில் நட்ட குச்சியின் நிழல் பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம் ஆகும்போதுதான் அதன் அடிக்குள் மறைகிறது.

கிரேடை 0.9-ஆல் பெருக்கினால் பாகை வந்துவிடும். ஆனால் களத்தில் மாற்றிக்கொண்டிராதே; அங்குள்ள குறிப்பேடெல்லாம் கிரேடில் இருந்தால் நீயும் கிரேடிலேயே எழுது.

அன்புடன்,
அப்பா