பிறந்த ஊரை வைத்துத் துரோகி என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், வரவிருக்கும் அந்த மாயாஜால ஆர்பிஜி (கதையின் ஒரு பாத்திரமாகவே நாம் ஆடும்) கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அணியிலிருந்து கழற்றிவிட முடியாத துணைவன் எதிரி நாட்டில் பிறந்தவனாம், ஆகவே கூட இருந்தே குழி பறிப்பானாம். ‘ஒட்டுண்ணி’ என்றும் அவனுக்கு ஒரு பட்டம். விளையாட்டு இன்னும் வெளிவரவே இல்லை. ஒரு முன்னோட்டக் காட்சியும் அவன் பிறந்த ஊரும் மட்டுமே உங்கள் கட்டுரையாளரின் ஆதாரம்.

2009இல் ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ வந்த காலத்திலிருந்து நான் இவற்றை ஆடி வருகிறேன். அதில் அலிஸ்டயர் என்ற துணைவன் கட்டாயம் நம்மோடு சேருவான். அலிஸ்டயரின் ஆசான் டங்கனைப் போர்க்களத்தில் சாகவிட்டுப் போன தளபதி லோகெய்னை நாம் மன்னித்துப் படையில் சேர்த்தால், அலிஸ்டயர் முறித்துக்கொண்டு போவான். அதைத் துரோகம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதே வரிசையில் 2014இல் வந்த ‘இன்குவிசிஷன்’இல் சோலாஸ் என்ற துணைவன் தான் யார் என்பதை மறைத்தது உண்மை. கட்டுரையாளர் அவனை மனதில் வைத்திருக்கலாம். ஆனால் அதே விளையாட்டில் வரும் இன்னொரு துணைவன் அயன் புல்லை எப்படி மறந்தார்? தான் குனாரிகள் என்ற வேற்று இனத்தாரின் ஒற்றன் என்பதை அவன் சேரும்போதே சொல்லிவிடுகிறான். அவனுடைய கூலிப்படைப் பெடியன்களைக் காப்பாற்றும்படி நாம் சொன்னால் கடைசிவரை நம் பக்கம் நிற்கிறான். அவர்களைப் பலிகொடுக்கச் சொன்னால், அடுத்த வருடம் வந்த ‘டிரெஸ்பாசர்’ பகுதியில் நம்மீதே ஆயுதம் தூக்குகிறான். இரண்டு முடிவிலும் அவன் பிறந்தது ஒரே இடத்தில்தான், ஐயா.

இவ்வளவு ஏன் கொதிக்கிறேன் என்று கேட்பீர்கள். 2008இல் நான் கொழும்பில் இரவு வேலை செய்தேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நாட்களில் அந்த ஒரு வரி என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தனியாகப் போகவேண்டாம் என்று சொல்லி, கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெடியன் ஒருவனை மேலதிகாரி என்னோடு அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. உளவு பார்க்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்று அறை நண்பர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு மாதம் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு மழை இரவில் சோதனைச் சாவடியில் என்னை இறக்கி நிறுத்தினார்கள். அவனைப் போகச் சொன்னார்கள். அவன் போகவில்லை. ‘அபே கெனெக்’, எங்கள் ஆள், என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, என்னை விடும்வரை நனைந்தபடி நின்றான். அவன் பிறந்த ஊரை வைத்து நானும் உங்கள் கட்டுரையாளரைப் போலவே தீர்ப்பு எழுதியிருந்தேன். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

இந்தப் பக்கத்தைச் சிறுபிள்ளைகளுக்கான பக்கம் என்று நினைத்து அவசரத்தில் நிரப்புகிறீர்களோ என்ற கவலை எனக்குப் பல காலமாக உண்டு. போன வருடம் ஒரு விளையாட்டின் முடிவைத் தலைப்பிலேயே போட்டீர்கள். நான் எழுதிய மறுப்பைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள், வெட்டியதில்தான் காரணம் இருந்தது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் பத்திரிகை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது சிறிய விடயம். அந்தக் கட்டுரை வெறும் ஊகம் என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். ‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்,
கொழும்பு 06.