ராசுவுக்கு, பெட்டியில் பொரித்த குஞ்சுகள் பற்றி

மன்னார்குடி
ஆடி 20

அன்புள்ள ராசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்குப் பட்டுக்கோட்டையிலேயே இடம் அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குறுவைக்கு முதல் களை எடுத்தாயிற்று. அடைகாக்கும் பெட்டியில் வைத்த கோழி முட்டைக்கு நேற்றுதான் 21 நாள் முடிந்தது. முடிவு தெரியாமல் உனக்கு எழுத மனசு வரவில்லை.

சித்திரையில் 30 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை வைத்து 4 குஞ்சுதான் வந்தது என்று சொன்னேன் அல்லவா? மிச்சத்தை உடைத்துப் பார்த்ததை அப்போது சொல்லவில்லை. பாதிக்கு மேல் முழுக் குஞ்சு. இறகு, நகம் எல்லாம் இருந்தது, மஞ்சள் கருகூட வயிற்றுக்குள் போயிருந்தது. மூக்கு மட்டும் ஓட்டைத் தொடவே இல்லை. அம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, "மூச்சு முட்டியிருக்குடா" என்றாள். சூடு வெளியே போகுமே என்று தெர்மாகோல் பெட்டியின் துளைகளை டேப் ஒட்டி அடைத்தது நான்தான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளை உண்டு, உள்ளே இருப்பது அதன் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. கடைசி மூன்று நாளில்தான் காற்று அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் நான் அடைத்து வைத்திருந்தேன்.

இந்தத் தடவை பக்கச் சுவரில் அடியோரமாக விரல் நுழைகிற அளவு நான்கு துளை, மூடியில் இரண்டு. சூடான காற்று மேலே வெளியேற, புதுக் காற்றைக் கீழ்த்துளை தானாக இழுத்துக்கொள்கிறது. ஆடிக் காற்று நேராக அடிக்காமல் பெட்டியை நெல் அறைக்கு மாற்றினேன். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைச் சுவர் பார்த்து மாட்டி, நிற்காமல் ஓட விட்டேன். சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட், பல்பை மட்டும்தான் அணைத்துப் போடும். எதிரெதிர் மூலையில் இரண்டு 40 வாட் குண்டு பல்பு. எல்இடி போடாதே, அதில் போதுமான சூடு வராது. முன்பு மூலைக்கு மூலை இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டியது, இப்போது எங்கே வைத்தாலும் 37.5 செல்சியஸ்தான். கடையில் வாங்கிய, சூடு காட்டும் மீட்டரை அப்படியே நம்பிவிடாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்துப் பார். என்னுடையது ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் சூடு சட்டென்று இறங்காமலிருக்க உள்ளேயே இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஃபேனுக்கு பேட்டரி உண்டு.

ஈரப்பதம் 18 நாள் வரை 50–55 சதவீதம், அப்புறம் 65–70. கிண்ணத்தின் ஆழம் கணக்கில்லை, தண்ணீரின் பரப்புதான் கணக்கு. கடைசியில் ஈரத்துணியும் போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்டுவது, 18-ஆம் நாளோடு நிறுத்துவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து 5 கூமுட்டையை எடுத்துவிட்டேன். மீதி 25. முந்தாநாள் ராத்திரி பெட்டிக்குள்ளிருந்து சன்னமாகக் கீச்சென்றது. அம்மாவை எழுப்பினேன். ஓட்டில் மிளகு அளவு விரிசல், அதன் வழியே வெள்ளையாக ஒரு மூக்கு நுனி. மூடியைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். 21 குஞ்சு, ராசு! இப்போது அம்மா குருணை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆவணியில் வரும்போது உங்கள் வீட்டுப் பெருவிடைக் கோழி முட்டை 10 எடுத்து வா. இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி உமியில் பதித்துக் கொண்டு வா. பஸ்ஸில் குலுங்கி வருவதால் ஒரு நாள் ஆறவைத்துப் பெட்டியில் வைப்போம்.

அன்புடன்,
சேகர்