நெட் போனால் சுவர் விளக்கு என்ன ஆகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சுவரில் ஒட்டும் ஸ்மார்ட் லைட் பேனல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஆப்பை இறக்கினால் போதும், எந்த ஆட்டோமேஷனோடும் சேர்ந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதே அந்த இடத்தில்தான். கோவைப் பக்கம் வீடுகளுக்கு ஆட்டோமேஷன் வேலை செய்து கொடுப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு ஸ்மார்ட் பொருள்களை ஒரே இடத்திலிருந்து இயக்குவதுதான் கன்ட்ரோலர். அது ஒரு பேனலை இயக்க இரண்டு வழி உண்டு. நீங்கள் கொடுக்கும் கட்டளை வீட்டைவிட்டு வெளியே போய், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டு உங்கள் ஹாலுக்கே திரும்பி வருவது ஒன்று. வீட்டு வைஃபைக்குள்ளேயே நேராகப் பேனலுக்குப் போவது இன்னொன்று. சோஃபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், நெட் போகிற வரைக்கும்.

நானோலீஃப் என்ற நிறுவனத்தின் பேனல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பவர் பட்டனை 5 முதல் 7 விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னத் தொடங்கும். அதற்குப் பிறகு 30 விநாடிதான் அவகாசம். அதற்குள் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் மாதிரியான கன்ட்ரோலர், பேனலின் ஐபி முகவரியில் (வீட்டு வைஃபைக்குள் அதற்கு ரவுட்டர் கொடுக்கும் எண்) 16021 என்ற போர்ட், அதாவது வாசல் எண் வழியாக ஒரு டோக்கனை, அதாவது அனுமதிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிவிட்டால் விளக்கைப் போட, அணைக்க, வெளிச்சம் குறைக்க, நிறம் மாற்ற, பேனலில் சேமித்த டிசைன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட, எதற்கும் வெளி சர்வர் தேவையில்லை. பேனலை ஃபேக்டரி ரீசெட் செய்தால் மட்டும் பழைய டோக்கன் செல்லாது, முதலிலிருந்து இணைக்க வேண்டும். ஆப்பிலேயே எல்லாம் நடக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதிலாக, அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வீட்டு ஸ்மார்ட் பொருள்களை இயக்கும் ஹப் பெட்டியைச் செய்த ரிவால்வ் நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் நிறுவனம், 2016 மே மாதம் அதன் சர்வரை மூடியது, பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி அன்றிலிருந்து எதற்கும் உதவாமல் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. வாங்கியவர்களின் ஆப் வேலை செய்யவில்லை, வீட்டுக்குள்ளேயே சொந்த கன்ட்ரோலரில் நேரடியாக இணைத்து வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் பொருள்கள் சேர்ந்து இயங்குவதற்காக 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரமும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்வதுதான், அந்த முத்திரை உள்ள பெட்டியை வாங்குவது நல்லதுதான். ஆனால் அதன் வழியாக ஆன், ஆஃப், வெளிச்சம், நிறம் என்ற அடிப்படைகள்தான் ஒழுங்காக வரும். இசைக்கு ஏற்ற ஆட்டம், பேனலுக்குப் பேனல் வேறு நிறம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த வழியில்தான் கிடைக்கும்.

அப்புறம் நம்ம ஊர்ச் சமாச்சாரம். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் புதிதாகக் கிளம்பி, பேனலுக்கு வேறு ஐபி முகவரியைக் கொடுத்துவிடலாம். முகவரியைக் கையால் எழுதிச் சேர்க்கும் கன்ட்ரோலராக இருந்தால் அது பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும், வீட்டில் பேனல் பழுது என்று முடிவுகட்டி எங்களுக்குப் போன் செய்வார்கள். ரவுட்டர் செட்டிங்கில் அந்தப் பேனலுக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பேனல்களில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சுவர் சுவிட்ச். படுக்கப் போகும்முன் வரிசையாக எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம், அதைத் தப்பு சொல்லவும் முடியாது. ஆனால் பிளக்கில் கரண்ட் இல்லாத பேனலை எந்தக் கன்ட்ரோலராலும் எழுப்ப முடியாது. அதனால் பேனலுக்கு எப்போதும் கரண்ட் இருக்கும் தனி பாயின்ட் கொடுத்து, ஆன் ஆஃபுக்கு பேட்டரியில் ஓடும் ஒயர்லெஸ் பட்டன் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். அதை யார் எத்தனை தடவை அமுக்கினாலும் கட்டளை கன்ட்ரோலருக்குத்தான் போகும், பேனலுக்குக் கரண்ட் நிற்காது.

இனி இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றி எழுதும்போது ஒரு சோதனை மட்டும் செய்து, முடிவை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ரவுட்டரை அணைக்காமல், அதற்கு வரும் நெட் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரிலிருந்து பேனலைப் போட்டுப் பாருங்கள். கடையில் டெமோ பார்க்கிற வாசகர்களும் இதையே கேட்கலாம். செய்து காட்ட மறுக்கிற கடையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை