ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எலும்புகள் அதிகம், அதனால்தான் கழுத்து நீளம் என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, மனிதன், எலி, திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றுக்கும் கழுத்து முள்ளெலும்பு ஏழுதான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஓர் எலும்பே கால் மீட்டர் நீளம் வரும்.

விலங்கியல் ஆசிரியராக இருந்தபோது, கறிக்கடையில் ஆட்டுக்கழுத்தை வெட்டாமல் முழுசாக வாங்கி, வேகவைத்து, சதையை வழித்து மேசையில் வரிசையாக வைப்பேன். முதல் எலும்பு வெறும் வளையம். இரண்டாவதில் பல் மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். தலை இடம் வலம் திரும்புவது அதை அச்சாக வைத்துத்தான். பிள்ளைகள் எண்ணி முடித்துவிட்டு, "ஏன் சார் எல்லாத்துக்கும் ஏழு?" என்பார்கள். நீங்கள் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

எந்த முள்ளெலும்பு கழுத்துக்கு, எது விலாவுக்கு என்பதைக் கரு உருவாகும் தொடக்கத்திலேயே ஹாக்ஸ் மரபணுக்கள் தீர்மானித்துவிடுகின்றன. அவற்றுக்கு உடம்பில் வேறு வேலைகளும் உண்டு. அதனால் எண்ணிக்கை பிசகும்போது பல சமயம் வேறு கோளாறுகளும் கூடவே வருகின்றன. வயிற்றிலேயே இறந்த சிசுக்களில் கழுத்து விலா, அதாவது கழுத்தின் ஏழாவது எலும்பிலேயே விலா முளைப்பது, அதிகம் காணப்படுவதை ஃப்ரீட்சன் காலிஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆக, பாலூட்டிகளில் பரிணாமத்தால் எலும்பை நீட்ட முடிந்தது, எண்ணிக்கையைக் கூட்ட முடியவில்லை. மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத்தும் நீரில் வாழும் மானட்டியும் மட்டும் விலக்கு. மானட்டிக்கு உறவான, பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியா என்ற கடல்பசுவுக்குக்கூட ஏழுதான்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். வௌவாலைப் பறவைக் கூட்டத்தில் சேர்த்தீர்கள். எழுதினேன், பதில் இல்லை. கருவில் விரல் எலும்புகள் நீண்டு இறக்கையான பாலூட்டி அது. அப்புறம், பல விலங்குகளின் கருக்களும் ஒன்றுபோலத் தெரியும்படி ஹெக்கல் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த படத்தை அப்படியே போட்டீர்கள். அதில் வேறுபாடுகள் மறைக்கப்பட்டிருப்பதை 1997இலேயே மைக்கேல் ரிச்சர்ட்சன் குழு உண்மையான கருக்களை வைத்துக் காட்டிவிட்டது. அதற்கு எழுதிய கடிதமும் போன இடம் தெரியவில்லை. ராசிபலனில் இரண்டு ராசி இடம் மாறியபோது மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்தீர்கள். பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடையாதா? உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பரீட்சையில் அதைத்தான் எழுதுவார்கள்.

சரி, நான் கேட்பது நான்கு வரிதான். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்